ஒரு தடவைக்கு உத்தரவு

பரவை மார்க்கெட்டில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் ஆள் சத்தம் ஓய்ந்துவிடும். விடியுமுன்னே வந்த லாரிகள் சரக்கை இறக்கிவிட்டுப் போயிருக்கும். சில்லறைக்காரர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். மிச்சம் கிடக்கும் முட்டைக்கோஸ் தழையை மாடுகள் நிதானமாக மென்றுகொண்டு நிற்கும். அந்த நேரத்தில்தான் முருகம்மாளுக்கு இடுப்பு நிமிரும். காலையிலிருந்து குத்தவைத்து வெங்காயம் பொறுக்கியவள். பெருவெட்டு ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம். சேலையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு எழுந்து, குழாயடியில் முகத்தைக் கழுவி, சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து வாழைப்பழக் குடோனுக்கு நடப்பாள்.

குடோனில் மூன்று அறைகள். காயாக வரும் தாரை அடுக்கி, குளிர்விட்டுப் பழுக்கவைக்கிற அறைகள். ஒவ்வொரு சுவரும் அத்தனை தடிமன். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே ஒருவன் அலறினாலும் வெளியே கேட்காது. மூன்றாவது அறையின் கம்ப்ரசர் செத்துப்போய் வெகுநாளாயிற்று. முதலாளி வீரணன் அதைச் சரிபண்ணாமல் போட்டு வைத்திருந்தார். முருகம்மாளின் மகன் சிவபாண்டி அதைக் கேட்டு வாங்கினான். காலையில் லோடு ஆட்டோ ஓட்டுவான். மதியத்துக்கு மேல் அந்த அறையில் கிதார்.

"ஏத்தா முருகம்மா, ஒன் மகன் பாட்டுப் படிக்கத்தான எடம் கேட்டான். கதவத் தொறந்தா இரும்புக்கடைய இடிக்கிற மாதிரில்ல இருக்கு," என்றார் வீரணன்.

"ஹார்ட் ராக்குன்னு சொல்றாண்ணே."

"அப்படின்னா?"

"எனக்கென்ன தெரியும். வேர்த்து வடியிறாங்க, அது மட்டும் தெரியும்."

உள்ளே போனால் வெக்கை முகத்தில் அறையும். எதிரொலி அடிக்கக்கூடாது என்று வெங்காயச் சாக்குகளைச் சுவரைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். பழுத்த பழ வாசமும் வெங்காய வாசமும் மனுசர் வேர்வையும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். ஒரு மூலையில் பீமாராவ் டிரம்ஸ் நடுவே உட்கார்ந்திருப்பான். அவன் ஒயரிங் வேலைக்குப் போகிறவன். மைக், கம்ப்யூட்டர், ஒயர் எல்லாம் அவன் பொறுப்பு. பாடுகிறவள் முத்துமீனா. முருகம்மாளின் தம்பி மலையாண்டியின் மகள். பேங்க் பரீட்சைக்குப் படிக்கப்போகிறேன் என்று கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்தவள், புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டு மதியமானால் இங்கே வந்துவிடுவாள்.

"அத்தை, இன்னைக்கும் கத்திரிக்காயா?"

"மார்க்கெட்டுல அதுதான மிஞ்சுச்சு. கத்துறதுக்கு எதத் தின்னா என்னடி."

"கத்தலத்தை. பாடுறேன்."

"நீ பாடுனதக் கேட்டுட்டு, எந்தப் புள்ளைக்குப் பிரசவம்னு வீரணண்ணன் கேக்குறாரு."

பீமாராவ் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் புரை ஏறியது. சிவபாண்டி சிரிக்கவில்லை. எட்டுப் பாட்டு முடிந்து, ஒன்பதாவது பிடிபடாமல் அவனைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா பிசைந்து கொடுத்த சோற்றுத் தட்டு முன்னால் ஆறிக்கிடக்க, கம்பியை ஒரே இடத்தில் நிமிண்டிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மலையாண்டி மகளைப் பார்க்க வந்தான். கொத்தனார் வேலை. வருசத்துக்கு ஒருநாள், பங்குனியில், ஊர்க்கோயிலில் ராக்காயி அம்மனை அழைக்கிற உறுமிமேளம் அவன் தோளில்தான் தொங்கும். அவன் அந்த அடியை அடித்தால் ராக்காயி வந்து இறங்குவது அவன் அக்கா முருகம்மாள்மேல். கல்யாணமாகி மறு வருசத்திலிருந்து அப்படித்தான். வந்து என்ன பேசினாள், யாருக்கு என்ன குறி சொன்னாள் என்று முருகம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. கண் முழிக்கும்போது வாய் கசக்கும், உடம்பு கதிரடித்துப் போட்ட தாள் மாதிரிக் கிடக்கும். அவ்வளவுதான்.

"மாமா," என்றான் சிவபாண்டி. "ராக்காயி அடிய எங்களுக்கு ஒருதடவ அடிச்சுக் குடு."

மலையாண்டி வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினான். "வெளையாடாத மாப்ள. ஒங்கம்மா இங்கனதான் நிக்கிறா."

"அம்மாவ வெளிய அனுப்பிருவோம்."

"அதுக்கில்லடா. உத்தரவில்லாம உறுமிய எடுக்க முடியாது. அது என்ன, கல்யாணவீட்டுக் கொட்டா?"

"அப்ப உத்தரவு கேப்போம்," என்றான் சிவபாண்டி.

கேட்டார்கள். வெள்ளிக்கிழமை எல்லோருமாக ஊருக்குப் போய், பூசாரி சிவனாண்டியைக் கூப்பிட்டு, ராக்காயி முன்னால் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. சிவனாண்டி கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தா, ஒம் பிள்ளைக கேக்குறாங்க. ஒருதடவ, ஒரே ஒருதடவ அடிச்சுக்கிறோம்ங்கறாங்க," என்றார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப்பிள்ளை பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் வெள்ளை. முருகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம் பிள்ளைகளுக்கு இல்லையென்று சொல்லிவிடுவாளா என்று தம்பியிடம் சொன்னாள்.

உறுமியை எடுத்த அன்று அவளைப் பரவையிலேயே இருக்க விடவில்லை. ஆரப்பாளையத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணோரமாக உட்கார்ந்து, தேனிக்கும் போடிக்கும் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு ஒரு டீயைக் குடித்தாள். சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால் முருகம்மாளுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த பூக்காரியிடம் உதிரிப்பூவையும் நாரையும் வாங்கிக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்து திரும்பி வந்தபோது அறை சத்தமில்லாமல் இருந்தது. பீமாராவ் ஒடிந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முத்துமீனாவுக்குக் குரலே இல்லை. சிவபாண்டி சாக்கில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். மலையாண்டி உறுமிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

"எடுத்த எடுப்புலயே குச்சி ஒடிஞ்சு போச்சும்மா. இன்னொருதடவ எடுப்போம்னு கெஞ்சுறேன், மாட்டேங்கறாரு," என்றான் பீமாராவ்.

"ஒருதடவன்னு சொல்லிட்டு வந்துருக்கோம். ஒருதடவ அடிச்சாச்சு," என்றான் மலையாண்டி.

அந்த ஒருதடவையில் விழுந்ததுதான் பாட்டு. குச்சி ஒடிகிற சத்தம், அதற்குப் பயந்து முத்துமீனா போட்ட கூச்சல், அதற்கும் பின்னால் நிற்காமல் ஓடும் உறுமி, மேலே சிவபாண்டியின் கிதார். எதையும் திருத்தவில்லை, திருத்தவும் முடியாது. அறைக் கதவுக்கு மேலே இருந்த குளிர்மீட்டர் பதினாலில் நின்றுபோயிருந்தது. ஆல்பத்துக்கு 'பதினாலு டிகிரி' என்றே பேர் வைத்தார்கள். ஒன்பதாவது பாட்டுக்கு 'ராக்காயி'.

சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்து வெளியிட்டது. முதல் மாதம் ஒன்றும் இல்லை. அதற்குப்பின் என்ன நடந்ததென்று பீமாராவுக்கே தெரியவில்லை. பெங்களூரில் கேட்டார்கள், கொழும்பில் கேட்டார்கள், மலேசியாவிலிருந்து போன் வந்தது. மதுரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜிம்மில் ராக்காயி, ஷேர் ஆட்டோவில் ராக்காயி, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை இறங்கும்போது ராக்காயி. எவன் போன் அடித்தாலும் முதலில் குச்சி ஒடிந்தது. இந்த மூன்று பேரையும் மேடை மேடையாகக் கூப்பிட்டார்கள். வீரணன் குடோன் வாசலில் காலேஜ் பிள்ளைகள் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போயின.

முருகம்மாளுக்கு முதலில் வந்தது மார்க்கெட்டில். லோடுமேன் ஒருவன் மூட்டையோடு நிற்கும்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. உறுமி நாலு இழுப்பு இழுத்ததும் அவள் கையிலிருந்த வெங்காயம் நழுவியது. அதற்கப்புறம் அவளுக்கு நினைப்பில்லை. முழித்தபோது வெங்காயக் குவியல் நாலாபக்கமும் சிதறிக்கிடந்தது, தலை நனைந்திருந்தது, சுற்றிலும் ஆட்கள் கைகூப்பி நின்றார்கள். மண்டிக்காரர் மட்டும் கைகூப்பியபடியே சிதறிய வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராக்காயி வந்தது எல்லோருக்கும் சந்தோசம்தான். மறுநாளும் வந்தபோது சந்தோசம் பாதி. அதற்கடுத்த வாரம் நாளைக்கு மூன்றுதரம் வந்தாள்.

நீங்களே நினைத்துப் பாருங்கள். வருசத்துக்கு ஒருநாள் வரவேண்டியவள். அதற்கு முருகம்மாள் பதினைந்து நாள் விரதம் இருந்து, ஒருவேளை உண்டு, உடம்பைத் தயார்பண்ணி வைப்பாள். வந்து போனபிறகு மூன்று நாள் படுத்து எழுந்திருப்பாள். இப்போது விரதமும் இல்லை, படுக்கையும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் வந்தாள். துணி துவைக்கும்போது மேலவீட்டு ரேடியோவில் வந்தாள். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு போனாள் முருகம்மாள். உறுமி காது வழியாக மட்டுமா போகிறது, தரை வழியாக அல்லவா காலில் ஏறுகிறது. கணுக்கால் வீங்கி, உள்ளங்கால் வெடித்து, முழங்காலுக்குக் கீழே தன் கால்தானா என்று இருந்தது. சில பேர் வேண்டுமென்றே அவள் பக்கத்தில் வந்து பாட்டைப் போட்டார்கள், குறி கேட்க. கேட்டுக்கொண்டு, காலில் விழுந்துவிட்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஊருக்கு ஆள் அனுப்பிப் பூசாரி சிவனாண்டியை வரவழைத்தார்கள். விபூதி போட்டார், கறுப்புக்கயிறு கட்டினார். கட்டிலில் கிடந்த முருகம்மாளின் வீங்கிய கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒருதடவதான சித்தப்பா அடிச்சோம். இன்னொருதடவ கேட்டும் நான் அடிக்கலையே," என்றான் மலையாண்டி.

"அடிச்சது ஒருதடவதான்டா. நான் இல்லைங்கல. அவகிட்ட அடிக்கிறதுக்குத்தான கேட்டோம். அதப் பெட்டிக்குள்ள போட்டு, ஊரெல்லாம் தட்டித்தட்டிக் கூப்புடப் போறோம்னு சொன்னமா? எனக்கே தோணலையே." தலையில் கைவைத்துக்கொண்டார். "கூப்புட்டா வரணும்ங்கறதுதான் அவளுக்கு. எந்தப் பயல் கூப்புடறான், எதுக்குக் கூப்புடறான்னு பாக்க அவளுக்கென்ன சாவகாசமா இருக்கு."

மினிபஸ்ஸில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். ஆரப்பாளையத்திலிருந்து பரவைக்கு வருகிற வண்டி. டிரைவர் பாட்டைப் போட்டுவிட்டான். கூட்டத்துக்குள் நிற்கவே இடமில்லாத இடத்தில் ராக்காயி வந்து ஆடினாள். ஜன்னல் கம்பியில் முருகம்மாளின் நெற்றி மோதி ரத்தம் வந்தது. கண்டக்டர் பயந்துபோய், குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவள் தலையில் ஊற்றினான். எவனோ ஒருவன் அதைப் படம்பிடித்துப் போட்டுவிட்டான். இரண்டு நாளில் நாடெல்லாம் பார்த்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பெனிக்காரன் சித்தார்த் சிவபாண்டிக்குப் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அடுப்படியிலிருந்த முருகம்மாளுக்கும் கேட்டது.

"ப்ரோ, அம்மா வீடியோ வேற லெவல். நெக்ஸ்ட் ஷோவுக்கு அம்மாவ மேடைக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

"அம்மாவுக்கு முடியல ப்ரோ. நான் அன்னைக்கே சொன்னேன்ல. அந்தப் பாட்ட மட்டும் எடுத்துர முடியுமா?"

"அந்தப் பாட்டுதான் ப்ரோ ஆல்பம். அத எடுத்துட்டா மீதி என்ன இருக்கு?"

சிவபாண்டி போனை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். முருகம்மாள் நெற்றிக்கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முடியாதுங்கறாம்மா," என்றான்.

"காதுல விழுந்துச்சு."

"நீ கேட்டியாப்பா? கேக்குற மாதிரிக் கேட்டியா?"

சாக்குகளுக்கு நடுவில் வெந்து வெந்து அவன் செய்த ஒரே பொருள் அது. அதைத் தன் வாயாலேயே அழித்துவிடு என்று முழுசாகக் கேட்க அவனுக்கு வரவில்லை. அது முருகம்மாளுக்கும் தெரிந்தது. அவன் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, "சரி விடு. மேடைக்கெல்லாம் வரமாட்டேன்னு மட்டும் சொல்லிரு," என்றாள்.

மாசி பிறந்தது. ஒருநாள் மண்டி வாசல் டீக்கடையில் டம்ளரை வாயில் வைக்கும்போது கடை ரேடியோவில் குச்சி ஒடிந்தது. முருகம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர்கள் விலகி நின்றார்கள். உறுமி இழுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை.

பாட்டு தன்போக்கில் போனது. முத்துமீனா பாடி முடித்தாள். அதற்கப்புறம் கிதார் தனியாக வந்தது. முருகம்மாள் கண்ணைத் திறந்தாள். இதுவரைக்கும் அவள் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை; எப்போதும் அதற்கு முன்னாலேயே போய்விடுவாள். கிதார் அழுகிற மாதிரியும் இருந்தது, யாரையோ வைகிற மாதிரியும் இருந்தது. இதையா என் பிள்ளை வாசித்தான் என்று நினைத்தாள். ஊர் உலகமெல்லாம் கேட்டபின்னால், கடைசி ஆளாகப் பெற்றவள் கேட்டாள். பாட்டு முடிந்ததும் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரம் முழுக்க வரவில்லை. கணுக்கால் வீக்கம் வடிந்தது. ராத்திரி தூங்கினாள். மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்புவைத்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். பாரம் இறங்கின மாடு மாதிரி இருந்தது. பங்குனித் திருவிழாவுக்கு இன்னும் இருபதுநாள் என்று ஊரிலிருந்து சொல்லி அனுப்பியபோதுதான், ராக்காயி வந்து எத்தனை நாளாயிற்று என்று விரல்விட்டு எண்ணினாள்.

முத்துமீனா தனியாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டாள். "ஏத்தா, அந்தப் பாட்டப் போடு."

"எந்தப் பாட்டு?"

"ராக்காயிப் பாட்டுத்தான்."

"ஏன்த்தை, ஒனக்கென்ன கிறுக்கா? நல்லாத்தான இருக்க."

"போடுங்கறேன்ல."

போட்டாள். முருகம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு, கண்ணை மூடினாள். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாவது தடவை பாட்டு பாதியில் இருக்கும்போதே முத்துமீனா நிறுத்திவிட்டாள்.

"வரலையாத்தை?"

"ஒங்கப்பன்கிட்டச் சொல்லாத."

"அப்ப பங்குனிக்கு?"

முருகம்மாள் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "அங்க நெசமாவே அடிப்பான்ல. அதுக்கு வருவா," என்றாள். சொன்னவளுக்கே அதில் பிடிமானம் இல்லை.

ஊரில் காய்ச்சல் மாதிரிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ராக்காயியைப் பஸ்ஸில் ஆடவைத்த வீடியோ அங்கேயும் வந்திருந்தது. ஊர்ப் பெரியதனக்காரர் பேயாண்டி கூட்டம் கூட்டி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "ஆத்தா வந்து, குத்தமில்லைன்னு அவ வாயால சொன்னா எங்களுக்கு ஒன்னுமில்ல. அவ வராமப் போயிட்டா, மலையாண்டி தோள்ல உறுமி இருக்கக் கூடாது. அந்தப் பாட்டுக் கட்டுன பயலுகளும் இந்த எல்லைய மிதிக்கக் கூடாது."

மலையாண்டி சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்தானாம். அவன் அப்பனுக்கும் முன்னால் இருந்து அந்த வீட்டு உறுமி அது. அதை இறக்கிவை என்றால் அவன் எதைப் போய்த் தோளில் போடுவான்.

பங்குனி வெயில். பால்குடமெல்லாம் வந்து சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. கோயிலுக்கு முன்னால் மணல் கொதித்தது. ஒரு வேப்பமரம், அதைத் தவிர நிழலில்லை. முருகம்மாள் மஞ்சள் சேலை கட்டி, ஈரத்தலையோடு நடுவில் நின்றாள். விரதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. வலது பக்கம் மலையாண்டி உறுமியோடு. கூட்டத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில், சிவபாண்டியும் பீமாராவும் முத்துமீனாவும் குற்றவாளிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

மலையாண்டி அடிக்க ஆரம்பித்தான்.

முருகம்மாள் கண்ணை மூடி, வாடி என் தாயே என்று உள்ளுக்குள் கூப்பிட்டாள். உறுமி இழுத்து இழுத்து ஏறியது. மணல் சுட்டது. கழுத்தில் வேர்வை ஓடியது. பக்கத்தில் யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. எல்லாம் தெளிவாகக் கேட்டது. அதுதான் பயமாக இருந்தது. வருகிற நாளில் இதெல்லாம் கேட்காது.

சிவனாண்டி மூன்றாவது தடவையாகச் சாம்பிராணியைக் காட்டினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முருகம்மாள் கண்ணை லேசாகத் திறந்தாள். தம்பியின் முகம்தான் முதலில் பட்டது. கழுத்து நரம்பு புடைத்து, வாய் கோணி, கை ஓய்ந்து, ஓய்ந்த கையைத் திரும்பத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் பேயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேச எழுந்திருந்தார்.

ராக்காயி வரவில்லை. முருகம்மாள் தன் வலது காலைத் தூக்கி மணலில் ஓங்கி வைத்தாள்.

குலவை எழுந்தது. தலையை ஆட்டினாள். முடி முகத்தில் விழுந்து மறைத்தது நல்லதாகப் போயிற்று. இத்தனை வருசம் இந்த உடம்பில் இன்னொருத்தி ஆடியிருக்கிறாள். எப்படி ஆடினாள் என்று இவள் பார்த்ததில்லை. பஸ் வீடியோவில் ஒரே ஒருதடவை பார்த்ததுதான். அதை நினைத்துக்கொண்டு ஆடினாள். மணல் தோலை உரித்தது. ராக்காயி ஆடும்போது சூடு தெரிந்ததே இல்லை. இன்று ஒவ்வொரு அடியும் தெரிந்தது.

முதலில் வந்து விழுந்தவள் முத்துத்தாய், மேலத்தெருக்காரி. "ஆத்தா, எம் மக சத்யப்ரியா புருசன் வீட்டுலருந்து வந்து உக்காந்துருக்கா. போமாட்டேங்கறா. நான் அனுப்பட்டுமா, வச்சுக்கிறட்டுமா, நீதான் சொல்லணும்."

முருகம்மாள் முடிக்குள்ளிருந்து பார்த்தாள். முத்துத்தாய்க்குப் பின்னால் அந்தப் பெண் தரையைப் பார்த்து நின்றாள். ரவிக்கைக் கைக்குக் கீழே காய்ந்துபோன ஒரு தழும்பு. இதற்கு முன்னால் எத்தனை பேருக்கு என்ன சொல்லியிருக்கிறாளோ, அது ராக்காயி பாடு. இன்று சொல்வது முருகம்மாள் பாடு.

"அனுப்பாத," என்றாள். "ஒங்கிட்டயே இருக்கட்டும். கஞ்சியக் குடிச்சுட்டு இருக்கட்டும்."

முத்துத்தாய் ஓவென்று அழுதாள்.

பேயாண்டி முன்னால் வந்து துண்டை இடுப்பில் கட்டினார். "ஆத்தா, பாட்டுக் கட்டி ஒன்னியத் தெருத்தெருவா ஆடவச்சுட்டாங்க. குத்தமா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு."

உறுமி தணிந்து அதிர்ந்துகொண்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று முருகம்மாள் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தபோது இருந்தது ஒன்றுதான்.

"எனக்குக் கால் வலிக்குதுடா," என்றாள். "வருசத்துக்கு ஒருநாள் வந்து போனவடா நான். நாளெல்லாம் கூப்புட்டா எம்புட்டுத்தான் வருவேன்? இனி ரோட்டுல வரமாட்டேன். வண்டியில வரமாட்டேன். எந்தப் பெட்டி கூப்புட்டாலும் வரமாட்டேன். இங்க வருவேன். என் தம்பி... இந்தப் பய மலையாண்டி அடிச்சா வருவேன். பிள்ளைக தெரியாமச் செஞ்சதுக்கு எங்கிட்டக் கணக்குக் கெடையாது."

பேயாண்டி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கூட்டம் முழுக்கக் கும்பிட்டது. சிவனாண்டி அவள் நெற்றியில் விபூதியை அழுத்திப் பூச, ஆத்தா மலையேறிவிட்டாள் என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

கோயிலுக்குப் பின்புறம் சுவர் நிழலில் அவளை உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். பொங்கல் இறக்குகிற சத்தம் முன்பக்கம் கேட்டது. சிவபாண்டி வந்து ஒரு சொம்பு மோர் கொடுத்தான். எதிரே குந்தி உட்கார்ந்து, அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கொப்புளம் போட்டிருந்தது.

"அம்மா, நீ ஆடுனது..." என்று ஆரம்பித்தான்.

"என்ன?"

"ராக்காயி தாளத்துக்கு ஆடமாட்டா. அவ பாட்டுக்கு ஆடுவா, மாமா பாட்டுக்கு அடிப்பாரு. சின்னதுலருந்து பாத்துருக்கேன். இன்னைக்கு ஒரு அடி தப்பலம்மா. நீ கால் வைக்கிற எடத்துல எல்லாம் உறுமி விழுந்துச்சு."

முருகம்மாள் மோரைக் குடித்து முடித்தாள். "நான் எங்கப்பா தாளத்தக் கண்டேன். கால எங்க வைக்கிறேன்னே எனக்குத் தெரியல."

"அதான்," என்றான் அவன். சொம்பை வாங்கிக்கொண்டு எழுந்து போனான்.

அவள் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். முத்துத்தாய் மகளுக்குச் சொன்னது சரிதானா என்று மனசு அரித்தது. கேட்டுச் சொல்ல ஆள் யாரும் இல்லை. காலில் தண்ணீர் பட்டு முழித்தாள். மலையாண்டி ஒரு வாளி வெந்நீரோடு உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். சாமி இறங்கும்போது காலில் தண்ணீர் ஊற்றுவதுண்டு. மலையேறினபின் யாரும் ஊற்றுவதில்லை. அவன் தோளில் உறுமி அப்படியே தொங்கியது.

முருகம்மாள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "டேய், விடுறா. அவதான் போயிட்டாளே. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க? எதுக்கு இப்ப காலக் கழுவுற?"

மலையாண்டி நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்ற காலையும் எடுத்து மடியில் வைத்தான்.

"வலிக்குதுன்னியேக்கா," என்றான்.